துருவுக்குப் பயந்த காலம்

அந்தக் கார் எங்கள் லைனுக்கு, கோலார் தங்கச் சுரங்கக்காரர்களின் வரிசை வீடுகளுக்கு, வந்த அன்றைக்கு அதை இழுத்துக்கொண்டு வந்தவை இரண்டு மாடுகள். முன்னால் மாடு, பின்னால் கார், காருக்குள் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி என் வீட்டுக்காரர். நந்திதுர்க்கிலிருந்து ஊரிகம் வரைக்கும் வழியெல்லாம் ஜனங்கள் சிரித்திருக்கிறார்கள். அவரும் பெரிய மனுஷன் மாதிரி ஜன்னல் வழியாகக் கையை ஆட்டிக்கொண்டே வந்திருக்கிறார். லைன் திருப்பத்தில் எல்லாரும் ஓடிப்போய்க் காரைப் பார்த்தார்கள். நான் காருக்குக் கீழே பார்த்தேன். மிளகாய்த்தூள் மாதிரி சிவப்பாக எதுவோ உதிர்ந்துகொண்டே வந்தது. தெரு நெடுக அதன் கோடு தெரிந்தது.

"இன்னாங்க, கொட்டிக்கினே வருது?" என்றேன்.

"துருமே. பழைய வண்டி இல்ல? கொட்டட்டும். கொட்டி முடிஞ்சா நல்ல இரும்பு வரும்."

அவர் எதையும் அப்படித்தான் பேசுவார். எனக்கு அன்றைக்கு ராத்திரிச் சோறு இறங்கவில்லை.

கார் ஒரு வெள்ளைக்கார துரையுடையது. மைன்ஸ் கவர்மெண்ட் கைக்குப் போன சமயத்தில் துரை கப்பல் ஏறிவிட்டார். கார் பங்களா ஷெட்டிலேயே நின்றுவிட்டது. அப்புறம் அந்தப் பங்களாவுக்கு வந்தவர்கள் அதில் கோழி அடைத்தார்கள். ஷெட்டின் கூரை ஓட்டை. எத்தனையோ மழைக்காலம் அதன்மேல் ஒழுகியிருக்கும். "இடத்த அடைச்சுக்கினு கீதுப்பா, எடுத்துக்கினு போ" என்று அவர்கள் சொன்னதும் இவர் மாடு தேடப் போய்விட்டார்.

அந்தக் கார் எனக்கு என்னவாக இருந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். என் அப்பா அண்டர்கிரவுண்டில் டிரில் பிடித்தவர். கல்தூசி நெஞ்சில் இறங்கி, இருமி இருமியே போய்ச் சேர்ந்தார். அம்மா வேலைக்குப் போக வேண்டியிருந்ததால், தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்ள என்னை ஆறாங் கிளாஸ் பாதியில் நிறுத்தினார்கள். அன்றையிலிருந்து ஷிப்ட் சங்கு ஊதினால் கைவேலையைப் போட்டுவிட்டு வாசலுக்குப் போய் நின்றுவிடுவேன். கட்டிக்கொடுத்த இடத்திலும் அதே வேலைதான். வீட்டுக்காரர் டிம்பர்மேன். பூமிக்குள் அவ்வளவு ஆழத்தில், பாறை உட்கார்ந்துவிடாமல் இருக்க மரக்கட்டைகளை அடுக்கி முட்டுக் கொடுக்கிற வேலை.

கீழே அழுத்தம் தாங்காமல் சில சமயம் பாறை தானாக வெடிக்கும். ஏர் பிளாஸ்ட் என்போம். மேலே லைன் வீடுகளில் தரை ஆடும், அடுக்கி வைத்த பாத்திரம் உருளும். மற்ற பெண்கள் பாத்திரத்தை எடுத்து வைப்பார்கள். நான் போட்டது போட்டபடி ஷாஃப்ட் பக்கம், சுரங்கத்துக்குள் இறங்கும் குழிவாய்க்கு, ஓடுவேன். எங்களோடு இருந்த என் நாத்தனார், அவருடைய தங்கை, வாய்த்துடுக்குக்காரி. "எங்க அண்ணி செருப்பில்லாம ஓடினாத்தான் அது ஏர் பிளாஸ்ட்டு. செருப்போட போனா சந்தைக்கு" என்று லைன் முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். புத்தர் படத்துக்கு முன்னால் கண்ணை மூடி உட்கார், பயம் தணியும் என்று பெரியவர்கள் சொன்னார்கள். உட்கார்ந்து பார்த்தேன். கண்ணை மூடினால் சங்குச் சத்தம் இன்னும் நன்றாகக் கேட்டது.

காரைப் புழக்கடையில் கொண்டுவந்து நிறுத்திய அன்றைக்கு அவர் எனக்கு ஒரு வாக்குக் கொடுத்தார்.

"இது ரோட்டுல இறங்கட்டும்மே. நான் கேஜ்ல இறங்கறத விட்டுடறேன். பங்காருபேட்டைக்கும் கோலாருக்கும் டாக்சி ஓட்டிப் பொழச்சுக்கலாம்."

கேஜ் என்றால் ஷாஃப்ட்டுக்குள் ஆட்களை இறக்கும் இரும்புக் கூண்டு. அதில் அவர் ஏறாத ஒரு காலையை நான் நினைத்துக்கூடப் பார்த்ததில்லை. அப்புறம் யோசித்தேன். கார் வேலை ஒரு நாள் தள்ளிப்போனால் அவர் இன்னொரு நாள் கீழே போவார். சரி, சீக்கிரம் முடியட்டும் என்றால், அரைகுறை வண்டி ரோட்டில் இரண்டாக முறிந்தால்? வேகமாகப் போனாலும் பயம், மெதுவாகப் போனாலும் பயம். அந்த வருஷம் முழுக்க நான் இதற்கும் அதற்கும் நடுவில்தான் நின்றேன்.

லைன் ஆட்கள் மூங்கில் கொண்டுவந்து, தோள் கொடுத்து, காரின் மேல்பாகத்தை அப்படியே தூக்கி டிரம்களின்மேல் வைத்தார்கள். கீழே மிஞ்சியது சேஸிஸ். கயிறு கட்டாத கட்டில் மாதிரி இருந்தது. இரண்டு பக்கமும் நீளமாக இரண்டு இரும்புச் சட்டங்கள், நடுவில் குறுக்குச் சட்டங்கள். நீளச் சட்டம் நாலு பக்கமும் மூடி, பெட்டிபோல உள்ளே கூடாக இருந்தது. பின்பக்க முனை மட்டும் திறந்திருந்தது. எல்லாவற்றையும் நாலு கருங்கல்மேல் ஏற்றி வைத்து, மேலே தகரம் போட்டோம்.

அவருடைய கூட்டாளி ஒருவர் அடிக்கடி வருவார். கேஜைத் தூக்கி இறக்கும் கம்பிக் கயிறு இருக்கிறதே, வைண்டிங் ரோப், அதற்கு கிரீஸ் போட்டுப் பார்த்துக்கொள்ளும் வேலை அவருக்கு. என்னைத் தங்கச்சி என்பார். "மேல இருக்கிறதெல்லாம் சொம்மா சொக்காய், தங்கச்சி. இது போச்சுன்னா வண்டி போச்சு" என்று சேஸிஸைக் காலால் தட்டினார். ஏற்கெனவே பயந்தவளிடம் யாராவது இப்படிச் சொல்வார்களா?

வீட்டுக்காரர் ஒரு இரும்புத் தடியை எடுத்துக்கொண்டு சேஸிஸை முழுக்கத் தட்டிப் பார்த்தார். கீழே ஷிப்ட் தொடங்குமுன் டிம்பர்மேன்கள் தலைக்குமேல் இருக்கும் பாறையை இப்படித்தான் தட்டுவார்களாம். டிங் என்றால் பாறை கெட்டியாக இருக்கிறது, கீழே நின்று வேலை செய்யலாம். டப் என்றால் உள்ளே பிளந்து நிற்கிறது, ஓடிவிட வேண்டும். அவர் குனிந்து, காதைச் சாய்த்து, ஒரு சாண் விடாமல் தட்டிக்கொண்டே போனார். டிங், டிங், டிங். முன்பக்கம் ஒரு மூலையில் மட்டும் டப். அந்த இடத்தைச் சுண்ணாம்பால் வட்டம் போட்டார். "இத்த வெட்டி வெல்டிங் வச்சுத் தெச்சிட்டா போதும். மத்ததெல்லாம் கெட்டி. மேல்துருதான்" என்றார்.

அவர் ஷிப்ட்டுக்குப் போனபின் பகலில் அந்த மேல்துரு எனக்கும் நாத்தனாருக்கும். கம்பி பிரஷ், சுரண்டி, மண்ணெண்ணெய், உப்புத்தாள். தேய்த்தால் தூள் கிளம்பி மூக்கில் ஏறும், நாக்கில் இரும்பு ருசி தட்டும். நாத்தனார் தேய்த்துக்கொண்டே பாடுவாள். நான் தேய்த்துக்கொண்டே வீட்டுக் கூரையைப் பார்ப்பேன், ஆடுகிறதா என்று. என்ன தேய்த்தும் குழிகளுக்குள் இருந்த துரு போகவில்லை. விட்டுவிட்டுப் பெயின்ட் அடித்தால் பெயின்டுக்கு அடியில் அது வளரும் என்று கூட்டாளி சொன்னார். அவரே யோசனையும் சொன்னார்.

"சயனைட் மேட்டு மண்ணு கீதே, மாவு மாதிரி. ஈரச் சாக்குல தொட்டுத் தேய்ங்க. கடப்பாறை எல்லாம் அதுலதான் பளபளன்னு ஆக்கறாங்க."

மில்லில் கல்லை அரைத்துத் தங்கத்தை எடுத்தபின் கொட்டிய மண் எங்கள் ஊரைச் சுற்றிலும் குன்று குன்றாக நிற்கும். சாம்பல் நிறம், மிருதுவான மண். ஆனால் அதை வீட்டுக்கு எடுத்துவரக் கூடாது. அதில் மிச்சத் தங்கம் இருக்கிறதாம். வீட்டில் அந்த மண்ணைப் பார்த்தால் கழுவித் தங்கம் எடுக்கிறான் என்று பிடித்துக்கொண்டு போவார்கள், வேலையும் போகும். போதாததற்கு அதில் சயனைட் மருந்து வேறு கலந்திருந்தது. நான் வேண்டவே வேண்டாம் என்றேன். "ஊரே வேலி ஓரம் கொட்டி வச்சிருக்குது, உன்னியத்தான் பிடிக்கப் போறானா?" என்று வீட்டுக்காரர் சிரித்தார். சாயங்காலம் புல்லுக்கட்டுக்குள் வைத்து நாத்தனார் மண்ணைக் கொண்டுவந்துவிட்டாள்.

மண் நன்றாகத்தான் வேலை செய்தது. அதையும் சொல்ல வேண்டும். குழிகளெல்லாம் வெள்ளியாக மின்னின. நான் ஒவ்வொரு தடவையும் சீயக்காய் போட்டுக் கை கழுவினேன், குளிக்காமல் ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை.

மிச்சம் கொஞ்சம் குவியலாகக் கிடந்த ஒரு மத்தியானம், நாத்தனார் வாசலிலிருந்து ஓடிவந்தாள்.

"அண்ணி, வாச்மேன் வர்றான், நம்ம லைனுக்குத்தான்!"

அவள் முறத்தை எடுத்தாள். குவியலை அள்ளி அள்ளி சேஸிஸ் சட்டத்தின் திறந்த முனைக்குள் திணித்தாள். தடியால் குத்தி உள்ளே தள்ளினாள். நான் முனையைச் சாக்கால் மூடிவிட்டு அதன் முன்னால் நின்றுகொண்டேன்.

மைன்ஸ் வாச்மேன் உள்ளே வந்து சுற்றிப் பார்த்தார். "இன்னாம்மா, புழக்கடையில மில்லு கில்லு வச்சிருக்கீங்களா? தரையெல்லாம் வெளுத்துக் கீது?"

"சாம்பல்ண்ணா. பாத்திரம் தேய்ச்சோம்" என்றாள் நாத்தனார். "உங்க வீட்டுல இன்னா, தங்கத் தட்டா? தேய்க்கவே வேணாமா?"

"வாய்டி உனக்கு" என்று அவர் சிரித்துக்கொண்டே, களைப்பாக இருந்திருக்கும், உட்கார இடம் தேடினார். தேடி, மண் அடைத்த அதே சட்டத்தின்மேல் உட்கார்ந்தார். தண்ணீர் கேட்டார். சொம்பை நீட்டும்போது பாதி தளும்பி அவர் கால்மேல் விழுந்தது.

"இன்னாத்துக்கும்மா இப்படி நடுங்கறே? குளிர் ஜுரமா?"

"அவங்க அப்படித்தாங்க. கோழி கத்தினாக்கூட நடுங்குவாங்க."

"உங்கண்ணன் இதுல யார ஏத்தப்போறான், ஆட்டையா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனார்.

அவர் தலை மறைந்ததும் சேஸிஸின் ஒரு பக்கத்தைத் தூக்கிக் கல் வைத்துச் சாய்த்தோம். குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினோம். சேறாக வந்தது, அப்புறம் கலங்கலாக வந்தது, அப்புறம் தெளிந்த தண்ணீர் வந்தது. எல்லாம் போய்விட்டது என்று நினைத்தோம். வீட்டுக்காரர் வந்து கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "தங்கத்த சேஸிஸ்ல ஒளிச்ச பொம்பளைங்க உலகத்துலயே நீங்கதான்மே." வாச்மேன் மறுபடி வருவானோ என்று நான் கெஞ்சியதால், மறுநாளே அவர், துருவைத் தடுக்க ஆளி எண்ணெயில் குழைத்து அடிக்கிற ரெட் லெட் பெயின்டை அடிக்கச் சொல்லிவிட்டார். செந்தூரம் மாதிரிச் சிவப்பு. இரண்டு பூச்சு, அதன்மேல் கறுப்பு. முன்பக்கத்து டப் மூலையை வெல்டர் வந்து வெட்டித் தைத்தார். சேஸிஸ் புதுப் பெண் மாதிரி இருந்தது. அதைத் தடவிப் பார்த்துவிட்டு அன்று ஒரு நாள் நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

எஞ்சினை ராபர்ட்சன்பேட்டை மெக்கானிக் பார்த்துக்கொண்டார். அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. தகரத்துக்கு அடியிலும் சாரல் அடித்தது. மழை விட்டபின் மேல்பாகத்தைத் தூக்கி வைத்தார்கள், டயர் வந்தது, ஒரு நாள் எஞ்சினும் உறுமியது. லைன் பிள்ளைகள் கத்திய கத்தலில் நான் காதைப் பொத்திக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளையெல்லாம் ஏற்றிக்கொண்டு பேத்தமங்கலம் ஏரிக்குப் போவது, திங்கட்கிழமை வேலையை விடும் பேப்பரைக் கொடுப்பது என்று முடிவாயிற்று. பேப்பரைக் கூட்டாளி இங்கிலீஷில் எழுதிக் கொடுத்தார். வீட்டுக்காரர் அதைப் புதுச் சட்டைப் பையில் வைத்தார்.

அந்த வாரத்தில் ஒரு காலை, அவர் ஷிப்ட்டுக்குப் போனபின், வண்டிக்கு அடியில் கூட்டலாம் என்று குனிந்தேன். தரையில் ஒரு சொட்டு. டீத் தண்ணீர் நிறம். மேலே பார்த்தேன். இடது பக்கத்து நீளச் சட்டத்தில், ஒரு போல்ட் ஓரத்தில், இன்னொரு சொட்டு திரண்டு நின்றது. முந்தானையால் துடைத்தேன். உட்கார்ந்து பார்த்தேன். மறுபடி திரண்டது. மழை விட்டு எத்தனையோ நாளாகிவிட்டது. எங்கிருந்து தண்ணீர்?

மூலையில் அவருடைய இரும்புத் தடி இருந்தது. எடுத்து வந்து, அவர் செய்கிற மாதிரியே காதைச் சாய்த்துத் தட்டினேன். டிங். டிங். டிங். நடுவில், குறுக்குச் சட்டம் சேரும் இடத்துக்குப் பின்னால், டப்.

தப்பாகத் தட்டியிருப்பேன் என்று மறுபடி தட்டினேன். டப். ஒரு முழ நீளத்துக்கு டப்.

நாத்தனாரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவளும் தட்டினாள். அவள் முகம் மாறி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"அண்ணி, இந்த எடத்துல உள்ள ஒரு தடுப்பு கீதுபோல. நாம தள்ளின மண்ணு அதுக்குப் பின்னால போய் நின்னுடுச்சு. ஈரத்த உறிஞ்சிக்கினு." வாசல் பக்கம் எட்டிப் பார்த்தாள். அப்புறம் குரலைத் தாழ்த்தினாள். "சொல்லாத. திங்கக்கிழம அண்ணன் பேப்பர் குடுக்கட்டும். குடுத்துட்டு வந்தப்புறம் சொல்லு. இப்ப சொன்னா பேப்பர் போவாது."

அவள் சொன்னது எனக்கும் தோன்றாமல் இல்லை. ஆனால் திங்கட்கிழமைக்கு முன்னால் ஞாயிற்றுக்கிழமை இருந்ததே. அந்த வண்டியில் லைன் பிள்ளைகள் அத்தனை பேரும். ஏரிக்கரை ரோடு, பள்ளம் மேடு. சாயங்காலம் வரைக்கும் நான் அடுப்புக்கும் வண்டிக்கும் நடந்தேன். சொன்னால் அவர் கீழே போவார். சொல்லாவிட்டால் பிள்ளைகளோடு ரோட்டில் போவார். உப்பில்லாமல் குழம்பு வைத்து இறக்கினேன்.

அவர் வந்து செருப்பைக் கழற்றுமுன் சொல்லிவிட்டேன்.

"உனக்கு எத்தத் தட்டினாலும் டப்புதான்மே கேக்கும்" என்றார். ஆனாலும் தடியை எடுத்துக்கொண்டு அடியில் படுத்தார். தட்டினார். மறுபடி அதே இடத்தில் தட்டினார். அப்புறம் ஸ்குரூ டிரைவரைக் கேட்டார். அதை அந்த இடத்தில் வைத்து அழுத்தினார். வாழைத்தண்டில் இறங்குகிற மாதிரி இறங்கியது. வெளியே இழுத்ததும் ஓட்டை வழியாக ஈர மண் அவர் மார்புமேல் கொட்டியது. சாம்பல் நிறமே இல்லை. செங்கல் பொடியாக இருந்தது. மண்ணில் இருந்த மருந்து தின்றதோ, தண்ணீர் தின்றதோ, இரும்பு காகிதமாக மிஞ்சியிருந்தது. எங்கள் அழகான சிவப்புப் பெயின்டும் கறுப்புப் பெயின்டும்தான் அதைப் பிடித்துக்கொண்டிருந்தன.

அவர் எழுந்து வந்து மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டார். கோபிப்பார் என்று பார்த்தோம். "பாறையா இருந்தா ஒரு முட்டு குடுத்து நிறுத்தியிருப்பேன்" என்று மட்டும் சொன்னார். சட்டைப் பையிலிருந்து பேப்பரை எடுத்து டிரங்குப் பெட்டியில் வைத்தார். நாத்தனார் அழுதுகொண்டே, "தங்கம் ஏதாவது கீதான்னு பாருண்ணா" என்றாள். அவர் சிரித்துவிட்டார். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

திங்கட்கிழமை சங்கு ஊதியது. அவர் போனார்.

மறுபடி மூங்கில், மறுபடி தோள். மேல்பாகம் டிரம்மேல் ஏறியது. வெல்டர் வந்து கெட்டுப்போன நீளத்தை வெட்டி எடுத்தார். உள்ளே தடுப்பாக ஒரு தகடு ரிவெட் அடித்து வைத்திருந்தது எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது. கூட்டாளிதான் ரொம்பச் சங்கடப்பட்டார், மண் யோசனை அவருடையது என்று. பழைய ரோப் துண்டு ஒன்றைக் கொண்டுவந்து என் முன்னால் பிரித்துக் காட்டினார். ஏலத்தில் எடுத்து வேலிக்கும் துணி காயப்போடவும் ஊரில் எல்லாரும் வைத்திருப்பதுதான். வெளியே துருவேறியிருந்தது. பிரிக்கப் பிரிக்க உள்கம்பிகள் கறுப்பு கிரீஸில் ஊறிப் புதிதாக இருந்தன.

"ராப்பகலா ஷாஃப்ட்டுல தண்ணி ஒழுகுது தங்கச்சி. ரோப்பு எப்படி நிக்குது? உள்ள நனைஞ்சிருக்குது, எண்ணெயில. சேஸிஸுக்கும் உள்ள ஊத்தணும். வெளிய நீங்க அடிச்சது போதும்."

"இந்த ரோப்புலதான் அவரு தெனம் எறங்கறாரா?" என்று கேட்டேன்.

"இதுல இல்ல. இது தேஞ்சு போச்சுன்னு மாத்தினது."

அதைக் கேட்டபின் எனக்குப் புதிதாக ஒரு பயம் சேர்ந்தது. அதைச் சொல்லாமலே விட்டிருக்கலாம் அவர்.

சட்டத்துக்குள் இருந்த மண்ணையெல்லாம் இந்தத் தடவை கம்பியில் துணி சுற்றித் துழாவி எடுத்தோம். வெயிலில் காய வைத்தோம். அடியில் சின்ன ஓட்டைகள் போட்டோம், உள்ளே நீர் போனால் நிற்காமல் வடிய. நான் வாய் ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்தேன், எப்போது முடியும், எப்போது முடியும் என்று. புதுத் தகட்டை வைத்து வெல்டர் தைத்து முடித்த அன்று, அது வெறும் இரும்பாக ஒரு ராத்திரி கூட இருக்கக் கூடாதென்று நானே ரெட் லெட்டைக் குழைத்தேன். பிரஷ் சின்ன இடுக்கில் நுழையவில்லை. கையாலேயே பூசினேன்.

அப்போதுதான் தரை ஆடியது.

முதலில் கீழேயிருந்து ஒரு தட்டு. பிறகு பற்களெல்லாம் ஒன்றோடொன்று மோதுகிற மாதிரி ஒரு ஆட்டம். லைன் முழுக்கப் பாத்திரம் உருண்டது. சேஸிஸ் கல்லிலிருந்து நழுவி, என் காலுக்கு ஒரு சாண் தள்ளித் தரையில் விழுந்தது. அது விழுந்த சத்தம் காதில் விழவில்லை. நான் அதற்குள் ஓடிக்கொண்டிருந்தேன்.

ஷாஃப்ட் கேட்டில் பெண்கள் கூடியிருந்தார்கள். எல்லாரும் ஓடிவருகிற அளவுக்குப் பெரிய அதிர்ச்சி அது. ஒருத்தி என்னைத் திரும்பிப் பார்த்தவள், "ஐயோ, ரத்தம்! கையெல்லாம் ரத்தம்!" என்று வீரிட்டாள். பக்கத்தில் நின்றவள் மார்பில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். நான் பெயின்ட் என்று சொல்லப் பார்த்தேன். அந்தக் கூச்சலில் யாருக்கும் கேட்கவில்லை. முழங்கைவரை சிவப்பாக நின்ற என்னைச் சுற்றி அத்தனை பேரும் அழுதார்கள். அவர்கள் அழுவதைப் பார்த்து, ஏதோ தெரிந்துதான் அழுகிறார்கள் என்று நானும் அழுதேன்.

கேஜ் மேலே வந்தது. கதவு திறந்தது. ஆட்கள் இறங்கினார்கள், அவர் இல்லை. மறுபடி கீழே போனது. இரண்டு பேரை ஸ்ட்ரெச்சரில் கொண்டுவந்தார்கள், ஒருவர் முனகிக்கொண்டிருந்தார், இன்னொருவர் முகத்தை மூடியிருந்தார்கள். துணிக்கு வெளியே தெரிந்த காலைப் பார்த்தேன். அவருடைய கால் இல்லை. அப்போது எனக்கு வந்த நிம்மதியை நினைத்தால் இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது. யாருடைய காலோ அது. எங்களோடு நின்றவர்களில் ஒருத்தி அதை அடையாளம் கண்டுகொண்டாள்.

அதற்கடுத்த கேஜில் அவர் வந்தார். உடம்பெல்லாம் தூசி, கண் மட்டும் தெரிந்தது. நடந்துதான் வந்தார். என்னைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார்.

"இன்னாமே, சேஸிஸ் விழுந்துடுச்சா? கைய நசுக்கிக்கினியா?"

ஏன் அப்படிச் செய்தேன் என்று தெரியாது. அத்தனை பேர் நடுவில் ஓங்கி அவர் மார்பில் ஒரு அடி வைத்தேன். தூசியின்மேல் ஐந்து விரலும் சிவப்பாகப் பதிந்தது.

"நாளைக்கு அந்தப் பேப்பரக் குடுங்க."

"வண்டி இன்னும்..."

"வண்டி நிக்கட்டும். ஓடலன்னா நான் கூலிக்குப் போறேன். நீங்க நாளைக்கு குடுங்க."

பக்கத்தில் கூட்டாளி நின்றிருந்தார். வீட்டுக்காரர் அவரைப் பார்த்து, "சேஸிஸுக்குள்ள ஊத்தற கிரீஸு காய எத்தினி நாளாகும்பா?" என்றார்.

"கிரீஸு காயாதுப்பா. காயாம இருக்கத்தான் அத்த ஊத்தறோம்" என்றார் அவர், ரொம்ப நிதானமாக.

மறுநாள் சாவு வீட்டுக்குப் போனோம். அதற்கும் மறுநாள் அவர் டிரங்குப் பெட்டியைத் திறந்தார். பேப்பர் மடிப்பில் பூச்சி அரித்திருந்தது. அப்படியே கொண்டுபோய்க் கொடுத்தார்.

சேஸிஸ் தரையிலிருந்து மறுபடி கல்மேல் ஏறியது. விழுந்ததில் தையல் விடவில்லை, வெல்டர் பெருமைப்பட்டுக்கொண்டார். கூட்டாளி வாங்கிக் கொடுத்த கிரீஸை எண்ணெயோடு அடுப்பில் காய்ச்சி, சட்டத்துக்குள் ஊற்றி, இந்தப் பக்கம் சாய்த்து, அந்தப் பக்கம் சாய்த்து, எல்லா மூலையும் நனைய வைத்தோம். வடிந்ததைப் பிடித்து மறுபடி காய்ச்சி ஊற்றினோம். வீடெல்லாம் கிரீஸ் நாற்றம், சோற்றில்கூட. அவர் பகலில் வீட்டில் இருந்தது எனக்குப் பழக்கமில்லாத காட்சி. அடிக்கடி எட்டிப் பார்த்துக்கொள்வேன். அந்த நாட்களில் நாத்தனார் பங்காருபேட்டை நெசவுக் கொட்டகைக்கு வேலைக்குப் போனாள், நான் வீடு வீடாக மாவு அரைத்துக் கொடுத்தேன். ஒரு வேளைக் கஞ்சியில் நாங்கள் ஓட்டிய காலம் அது. அதற்கு நான் பயப்படவில்லை. ஏனென்றால் அவர் கண் முன்னால் இருந்தார்.

கார் ரோட்டில் இறங்கியது. முதல் சவாரி ஒரு கல்யாண கோஷ்டி, கோலார் பக்கம். காலையில் புறப்பட்டபோது வானம் தெளிவாகத்தான் இருந்தது. மத்தியானம் கொட்டித் தீர்த்துவிட்டது. எந்தப் பள்ளத்தில் சக்கரம் இறங்குகிறதோ, எந்தத் தையல் விடுகிறதோ என்று நான் வாசலுக்கும் தெரு முனைக்கும் நடந்தேன். வெளிச்சம் போகுமுன் ஹாரன் சத்தம் கேட்டது. வண்டி முழுக்கச் சேறு. அவர் மாலையும் கழுத்துமாக இறங்கினார், மாப்பிள்ளை வீட்டார் போட்டதாம்.

"பசிக்குதுமே. சோறு போடு."

நான் குடத்தையும் தென்னை விளக்குமாற்றையும் அவர் கையில் கொடுத்தேன்.

"மொதல்ல அடியக் கழுவுங்க."

"இப்பவா? காலைல பாத்துக்கலாம்மே, சேறு எங்க போவப்போவுது?"

"போவாம அங்கியே நிக்குதுன்னுதான் சொல்றேன்."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். அப்புறம் மாலையைக் கழற்றி நாத்தனார் கழுத்தில் போட்டுவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, முணுமுணுத்தபடியே வண்டிக்கு அடியில் படுத்தார். நான் அரிக்கேன் விளக்கைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து, "இன்னும் உள்ள, இன்னும் உள்ள" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.